கேட்கும் பலகையில் ஒரு சிறப்பு விருந்தினர்

விருது வாங்கப் போகிறவரின் முகம் எப்படி இருக்கவேண்டும் என்று பிரின்சிபால் காலையிலேயே செய்து காட்டியிருந்தார். உதடு லேசாக விரியவேண்டும், பல் தெரியக்கூடாது, கண்ணில் பணிவு இருக்கவேண்டும். டீச்சர் அதை ஒருதரம் முயன்று பார்த்தார். பல்வலிக்கு மருந்து வாங்க வந்தவர்போல இருக்கிறது என்று அக்கா சொன்னதும் விட்டுவிட்டார்.

"நீங்க சிரிக்கவே வேணாம் டீச்சர். போயி சும்மா உக்காருங்க. சிரிக்கறதுக்கு அங்க நெறைய ஆளு இருக்கும்."

"நான் போகப்போறதே இல்லக்கா. அதத்தான் வந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"விருது உங்களுக்குத்தானே? நான் போயி கைய நீட்டினா குடுப்பாங்களா?"

"குடுக்கணும். பாதி உங்களுது."

"எந்தப் பாதி? கேடயத்த ஒடைச்சுக் குடுங்கன்னு கேக்கவா?"

அக்கா என்று எல்லோரும் கூப்பிட்டது அந்த வகுப்பின் உதவியாளரை. டீச்சரைவிட வயதில் மூத்தவர். அவருடைய முழங்காலைத் தவிர அந்தப் பள்ளியில் அவர் பேச்சைத் தட்டியவர்கள் யாருமில்லை. இருவரும் சேர்ந்து நடத்திய வகுப்பு கடைசிக் கட்டடத்தில் கடைசி அறை. ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். பேச்சு இன்னும் வராத பிள்ளைகள். வேண்டியதைப் படம் கொடுத்துக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதற்காகச் சுவரில் ஒரு பலகை. 'கேட்கும் பலகை' என்று பெயர். பிஸ்கட், தண்ணீர், ஊஞ்சல், சோப்புக் குமிழி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படக் கார்டு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை தனக்கு வேண்டிய கார்டைப் பிய்த்து எடுத்து ஒரு ஆளின் கையில் வைக்கவேண்டும். வைத்த கணமே கேட்டது கிடைத்தாகவேண்டும். 'அப்புறம்', 'பார்க்கலாம்', 'சமர்த்தா இருந்தா தரேன்' ஆகிய மூன்றும் அந்த அறையில் கெட்ட வார்த்தைகள். வெளியே உலகம் முழுக்க இந்த மூன்றை வைத்துத்தான் நடக்கிறது என்பதால், புதிதாக வரும் பயிற்சி ஆசிரியர்கள் முதல் வாரத்தில் பேச்சிழந்து திரிவார்கள்.

டீச்சர் இருப்புக் கொள்ளாமல் அலைந்தார். காதணியைக் கழற்றினார், மாட்டினார். ஏற்கெனவே அடுக்கியிருந்த நாற்காலிகளை இன்னொருதரம் அடுக்கினார். அவருடைய கவலையெல்லாம் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த ஒருத்தியைப் பற்றியது.

அவளுக்கு அறையில் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். காலையில் வந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலின் கொக்கியையும் பார்வையிடுவாள். ஒன்று சரியாக மாட்டாமல் இருந்தால் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சில் மொத்த நிர்வாகமும் சந்தி சிரித்துப்போகும். ஆறு வயது முடியப்போகிறது. அதற்குமேல் இந்த அறையில் இடமில்லை, மாடி வகுப்புக்குப் போகவேண்டும். மாடிக்குப் போக ஒரே ஒரு நிபந்தனை: தன் டீச்சரைத் தவிர இன்னொரு ஆளிடமும் கார்டு கொடுத்துக் கேட்கத் தெரியவேண்டும். நியாயமான நிபந்தனைதான். மாடியில் டீச்சர் வேறு. கேட்கத் தெரியாவிட்டால் பிள்ளை நாள் முழுக்கத் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும். நாளைக்குத் தேர்வு. தேறாவிட்டால் அந்த இடம் வரிசையில் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும். இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டரோ டீச்சரிடம் மட்டும்தான் கேட்பாள். அக்கா உள்ளங்கையை விரித்துக்கொண்டு எதிரே நிற்பார். தூணைச் சுற்றிக்கொண்டு போவதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு டீச்சரிடம் போவாள். டீச்சர் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். அலமாரிக்குப் பின்னாலேயே வந்து கொடுத்தாள். ஒருநாள் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு அறையைவிட்டே போய் அலுவலகத்தில் உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது தண்ணீர் கார்டைப் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா தம்ளரை நீட்டியும் தொடவில்லை. உதடு காய்ந்திருந்தது. அன்றிலிருந்து டீச்சர் கழிவறைக்குக்கூட ஓட்டமாகப் போய் ஓட்டமாக வந்தார்.

தினமும் சாயங்காலம் வாசல் கேட்டில் இன்ஸ்பெக்டரின் அப்பா நிற்பார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். கையில் கிரீஸ் மணக்கும். அவருக்கு ஒரே கேள்வி.

"வேற யார்கிட்டயாவது கேட்டாளா டீச்சர்?"

"இன்னும் இல்லங்க."

"சரிங்க டீச்சர்."

அந்தச் 'சரிங்க டீச்சர்' டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதும் எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"நான் இல்லாத நேரத்துல மறுபடி அதே மாதிரி நின்னுட்டா?" என்று டீச்சர் பதினைந்தாவது தரமாகக் கேட்டார்.

"நின்னா நானும் கூட நிக்கறேன். போங்க டீச்சர். நீங்க நடக்கற நடைல தரை தேயுது."

விழா நடந்தது முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அரங்கத்தில். இந்த வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் ஆசிரியரைப் பாராட்டும் விழாவுக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வரமுடியாத அளவுக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

மேடையில் டீச்சரை நடுவில் உட்காரவைத்து, இருபுறமும் பூங்கொத்துகளை அடுக்கியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் துக்க வீடா என்று ஒரு சந்தேகம் வரும். வலதுபக்கம் பிரின்சிபால். இடதுபக்கம் சிறப்பு விருந்தினர். ஓய்வுபெற்ற உயரதிகாரி. எந்தத் துறையில் உயர்ந்தவர் என்று யாருக்கும் நினைவில்லை. அறிமுக உரையில் 'பல துறைகளில்' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். நல்ல மனிதர். அவருக்கு இருந்த ஒரே குறை, பூ ஒத்துக்கொள்ளாது. போகிற இடமெல்லாம் பூங்கொத்து கொடுக்கப்படும் வேலையில் இருப்பவருக்கு அது சின்னக் குறை அல்ல. கைக்குட்டையை மூக்கருகே வைத்தபடியேதான் பொதுவாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் அவர் வகுப்புக்கே வந்திருந்தார். விருது பெறுபவர் பிள்ளைகளோடு இருப்பதுபோல ஒரு படம் வேண்டும் என்று போட்டோகிராபர் கேட்டதால் வந்தது. அந்த அறையில் முன்னறிவிப்பு இல்லாமல் எதுவும் நுழையக்கூடாது. அன்றைக்கு யார் வருவார், என்ன நடக்கும் என்பதையெல்லாம் காலையிலேயே படமாகச் சுவரில் வரிசையாக ஒட்டிவிடுவார்கள். அதனால் டீச்சர் அழைப்பிதழிலிருந்து அவருடைய தலையை வெட்டி, லேமினேட் செய்து, பின்னால் பிய்த்துப் பிய்த்து ஒட்டக்கூடிய வெல்க்ரோ பட்டை வைத்து, அன்றைய வரிசையில் பாட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே ஒட்டினார். சிறப்பு விருந்தினரும் பாட்டு முடிந்து பிஸ்கட்டுக்கு முன்னால் சரியாக வந்துசேர்ந்தார். பிரின்சிபால் பூங்கொத்து கொடுத்தார். அவர் தும்மினார்.

அதைத் தும்மல் என்று சொல்லிவிட்டுப் போனால் அநியாயம். முதலில் முகம் மேலே போனது. கண் மூடியது. வாய் திறந்தது. ஒரு கை எழுந்து, போக்குவரத்துக் காவலர்போல மொத்த அறையையும் நிறுத்திவைத்தது. நீண்ட அமைதி. போய்விட்டது என்று எல்லோரும் நம்பத் தொடங்கியபோது அது வந்தது. அலமாரிக் கதவு அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்குக் காதுமூடி மாட்டுவதிலேயே டீச்சருக்குப் பொழுது போய்விட்டது. கடைசியாக இன்ஸ்பெக்டரிடம் வந்தபோது அவள் காதைப் பொத்திக்கொள்ளாமல், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவருடைய மூக்கைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தாள். மூக்கிலும் கொக்கி தேடுகிறாளோ என்று டீச்சர் நினைத்தார். விருந்தினர் போனதும் டீச்சர் சுவரிலிருந்து அவர் படத்தைப் பிய்த்து, முடிந்தவற்றைப் போடும் பெட்டியில் போடப்போனபோது ஒரு பிள்ளை சட்டையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டது. கையிலிருந்ததை எங்கேயோ ஒட்டிவிட்டு ஓடினார். எங்கே என்பது அவருக்கு நினைவில்லை.

இப்போது மேடையில் டீச்சரின் கால் தன்போக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

"கால ஆட்டாதீங்க டீச்சர்," என்று உதட்டை அசைக்காமல் சொன்னார் பிரின்சிபால். "மேடையே ஆடுது. தண்ணி சிந்துது பாருங்க."

"மேடம், நான் ஒரு நிமிஷம் ரூமுக்குப் போயிட்டு..."

"அப்புறம்."

டீச்சர் முகம் சுளித்தார். அவருடைய அறையில் உட்கார முடியாத பிள்ளைக்கு 'வெளியே போகணும்' என்று ஒரு கார்டு உண்டு. அதில் ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். எடுத்தார். மேசைக்கு அடியில் பிரின்சிபாலின் கையில் வைத்தார். பிரின்சிபால் அதைத் திருப்பிப் பார்த்தார். நன்றி என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, தண்ணீர்த் தம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார். சட்டம் அந்த அறையோடு சரி.

சிறப்பு விருந்தினர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "பொறுமை," என்று தொடங்கினார். "பொறுமை என்றால் அது இந்த ஆசிரியைதான்."

ஆசிரியைக்குத் தேநீர் ஆறும்வரைகூடப் பொறுமை கிடையாது. தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்கிறவர். அந்த அறையே பொறுமையின்மையில்தான் ஓடியது. கார்டு கையில் விழுந்ததும் பாயவேண்டும். ஒரு கணம் தாமதித்தால் அந்தப் பிள்ளைக்கு, கேட்டுப் பயனில்லை என்று தோன்றிவிடும். இதையெல்லாம் எழுந்து சொல்லலாமா என்று டீச்சர் யோசித்தார். பொறுமை பத்தாவது தரமாக வந்துபோனது. அவர் கண் அரங்கத்தின் கதவிலேயே இருந்தது.

கதவு திறந்தது.

அக்கா வந்தார். கூடவே, நீலக் காதுமூடி மாட்டி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர். நடுப்பாதையில் இருவரும் நிதானமாக நடந்துவந்தார்கள். முழங்கால் காரணமாக அக்கா நிதானம். பதவி காரணமாக இன்ஸ்பெக்டர் நிதானம். அக்கா ஒரு கையை உயர்த்தி எதையோ காட்டிக்கொண்டே வந்தார்.

என்ன ஆகிவிட்டதோ என்று டீச்சர் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய, மேடையிலிருந்து இறங்கி ஓடினார்.

"என்னக்கா? அழுதாளா? தண்ணி குடிச்சாளா?"

"இருங்க டீச்சர், மூச்சு வாங்குது. நான் ஒண்ணும் கேக்கல. கையக்கூட நீட்டல. துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். வந்தா, பிச்சா, என் கைல வச்சா."

"யாரு?"

"யாருன்னா? நான் என்ன பிரின்சிபாலயா சொல்றேன்?"

"உங்க கைலயா?"

"என் கைலதான். சத்தியமா என் கைல."

டீச்சருக்கு ஒரு கணம் காது அடைத்தது. ஒலிபெருக்கியில் பொறுமை எங்கேயோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"என்ன கார்டுக்கா? என்ன கேட்டா? குடுத்தீங்களா?"

"குடுக்கற மாதிரியா கேட்டிருக்கா?" என்று அக்கா உள்ளங்கையைத் திறந்தார்.

உள்ளே லேமினேட் செய்த சிறப்பு விருந்தினர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட்டுக்குப் பக்கத்துல தொங்கிக்கிட்டு இருந்தாரு. யாரு ஒட்டினது?"

யார் ஒட்டியது என்பது டீச்சருக்கு இப்போது நினைவுக்கு வந்தது. பலகையில் இருப்பது எதுவானாலும் கேட்டால் கிடைக்கும். அதுதான் அவர் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த வாக்கு. பலகையில் ஒரு ஓய்வுபெற்ற உயரதிகாரியைத் தொங்கவிட்டவர் அவர். வேறொருவரிடம் அவள் முதல்முதலாகக் கேட்டதும் அந்த உயரதிகாரியைத்தான். கிடைக்காவிட்டால் இரண்டாவது முறை இருக்காது. அக்காவின் முழங்கால் முற்றத்தைக் கடந்ததிலேயே நேரம் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கினாள். தண்ணீர் கார்டோடு வாசலில் நின்ற அன்றைக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று அக்கா சொல்லியிருந்தார்.

டீச்சர் மேடைக்கு ஓடினார்.

"சார், கொஞ்சம் கீழ வரணும்."

"டீச்சர்!" பிரின்சிபாலின் பணிவு முகம் கழன்று விழுந்தது. "பேசிட்டு இருக்காரு! அப்புறம் வருவாரு!"

"அப்புறம் கிடையாது மேடம். சார், வாங்க. உங்களக் கேட்டிருக்காங்க."

"என்னையா?" என்றார் அவர். மைக் திறந்திருந்ததால் அரங்கம் முழுக்க அது கேட்டது. "யாரு?"

டீச்சர் காட்டினார். அவர் பதவியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் வரிசையில் நின்று அவரிடம் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். அவரையே யாரும் கேட்டதில்லை. கையிலிருந்த உரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படியில் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தார்.

"என்ன பாப்பா? நல்லா படிக்கிறியா?"

"பேசாதீங்க சார்," என்றார் அக்கா. "அவ கேட்டது பேச்ச இல்ல."

"பின்ன என்ன வேணும்?"

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தாள். அவர் குனிந்து பார்த்தார். முன்வரிசை எழுந்து பார்த்தது. பேனாவை நீட்டினார், வேண்டாம். கைக்கடிகாரத்தைக் கழற்றினார், அதுவும் வேண்டாம். அவள் பார்வை நகரவில்லை. டீச்சர் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்து, அவள் பார்க்கும் திசையில் பார்த்தார். எதிரே இருந்தது ஒரு மூக்கு.

"அக்கா," என்றார். "தும்மல்."

"அட ஆமா! நேத்துத் தும்மினாரே! சார், ஒரு தும்மல் போடுங்க."

"இப்பவா?"

"இப்பவே."

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு முகத்தைச் சுருக்கி, "அச்சூ," என்றார்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டாள். சரியாக மாட்டாத கொக்கிக்கு விடும் அதே பெருமூச்சு. உயரதிகாரியின் காது சிவந்தது. இன்னொருதரம் முயன்றார், குரலை உயர்த்தி, கையெல்லாம் ஆட்டி. அவள் குதிகால் மறுபடி எழுந்து இறங்கத் தொடங்கியது. முகம் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. டீச்சர் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

"பூ!" என்று கத்தினார். "யாராவது பூ கொண்டாங்க!"

அக்கா மேடை விளிம்பை எட்டி ஒரு பூங்கொத்தைப் பிடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து பிரின்சிபால் பிடித்தார்.

"விடுங்கம்மா, இது விழாவுக்கு!"

"விழா இங்கதான் நடக்குது, விடுங்க!"

அக்கா வென்றார். கொத்தை வாங்கிய உயரதிகாரி ஒருகணம் தயங்கினார். வாழ்நாள் எதிரியைக் கண்ணுக்குக் கண் பார்ப்பவர்போல அதைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, முகத்தை முழுசாக உள்ளே புதைத்து இழுத்தார்.

முகம் மேலே போனது. கண் மூடியது. வாய் திறந்தது. கை எழுந்து மொத்த அரங்கத்தையும் நிறுத்தியது. அந்த நீண்ட அமைதியில் இன்ஸ்பெக்டர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

அது வந்தது. மேடையிலிருந்த மைக்குக்கும் கேட்டு, ஒலிபெருக்கி ஒருமுறை ஊளையிட்டது.

இன்ஸ்பெக்டர் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். அரங்கம் கைதட்டக் கையைத் தூக்கியது. டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தூக்கிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே காற்றில் ஆடின. போட்டோகிராபர் எடுத்த ஒரே நல்ல படம் அந்தத் தும்மல்தான். அதில் விருது பெறுபவரின் முதுகும் சிறப்பு விருந்தினரின் அண்ணமும் தெளிவாக விழுந்திருந்தன.

மாடி வகுப்பு டீச்சர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். "நாளைக்குத் தேர்வெல்லாம் வேணாம்," என்றார். "என் பலகைல இவர மட்டும் ஒட்டிடாதீங்க."

கேடயத்தை யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை. மதியம் பிரின்சிபால் அதை வராந்தாவில் வைத்து டீச்சரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தம்ளர் ஈரம் பட்ட 'வெளியே போகணும்' கார்டும் அதோடு இருந்தது.

அறையில் பிள்ளைகள் பாயில் படுத்திருந்தார்கள். டீச்சர் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறினார்.

"அக்கா. நான் ரூம்லயே இருந்ததாலதான் இவ்வளவு நாளா அவ யார்கிட்டயும் கேக்கல. இல்ல?"

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்னிக்கும்தான் வெளிய போனீங்க. தண்ணியக்கூட என்கிட்ட வாங்கல."

"அப்ப இன்னிக்கு மட்டும் எப்படி?"

"தண்ணி எப்பவும் கெடைக்கும். அந்தாளு கெடைப்பாரா?" துண்டை உதறினார். "ஆனா ஒண்ணு. நீங்க இங்க இருந்திருந்தா என் பக்கம் திரும்பியிருக்க மாட்டா. நீங்க கெளம்பிப் போனதுக்குத்தான் விருது குடுத்திருக்காங்கபோல."

டீச்சருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுந்து கேட்கும் பலகைக்குப் போனார். சிறப்பு விருந்தினர் மறுபடி பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தார். பிய்க்கக் கை போனது. கேட்டுக் கிடைத்த ஒன்றைப் பலகையிலிருந்து எடுப்பது எந்த ஊர் நியாயம் என்று தோன்றவே, கையை இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கும் கேட்டா?" என்றார் அக்கா.

"போன் நம்பர் வாங்கி வச்சிருக்கேன்."

"பூவு?"

"அத நாம வாங்கணும்."

சாயங்காலம் கேட்டில் இன்ஸ்பெக்டரின் அப்பா நின்றுகொண்டிருந்தார். டீச்சர் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். கூட வந்த இன்ஸ்பெக்டர் வழக்கம்போல நடந்தாள்.

"வேற யார்கிட்டயாவது..." என்று அவர் தொடங்கினார்.

"அக்காகிட்ட," என்றார் டீச்சர்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"என்ன கேட்டா?"

"சிறப்பு விருந்தினர."

லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் எந்தத் தளத்தில் நிற்கிறது என்று காதுகொடுத்துக் கேட்பவர்போல இருந்தது அவர் முகம்.

"கெடைச்சுதா டீச்சர்?"

"கெடைச்சுதுங்க."

அதற்குமேல் கேட்க அவரிடம் கேள்வி இல்லை. இத்தனை மாதமும் ஒரே கேள்வியோடுதான் வந்துகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணாந்து, அப்பாவின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.